பால் ஊற என்ன சாப்பிடலாம்? பிரசவித்த தாய்க்கும் அவருக்குச் சமைப்பவர்களுக்கும்

பிரசவமாகி முதல் இரண்டு நாளில் மார்பு மெத்தென்று இருந்தால் பால் இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அப்போது சுரப்பது சீம்பால். முதல் நாள் முழுவதும் கூட்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய 30 முதல் 40 மில்லிதான் வரும். ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவு. பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அது போதும். நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாயின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மளமளவென்று இறங்கும். பால் பெருகத் தொடங்குவது அந்த இறக்கத்தால்தான். 30 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் மார்பு கனக்கும். சிசேரியன் ஆனவர்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனவர்களுக்கும் இது ஓரிரு நாள் தள்ளிப்போவது உண்டு.

இந்த முதல் பெருக்கத்துக்கு எந்த உணவும் காரணமில்லை. அதன்பின் பால் நிலைப்பதும் கூடுவதும் மார்பு நாளுக்கு எத்தனை முறை, எவ்வளவு நன்றாகக் காலியாகிறது என்பதைப் பொறுத்தது. உணவு வேறு இரண்டு வேலைகளைச் செய்கிறது. தாயின் உடல் கரையாமல் காப்பது ஒன்று. பாலில் சேரும் சில சத்துகளின் அளவை நிர்ணயிப்பது மற்றொன்று. வெந்தயம், பூண்டு, முருங்கைக்கீரை போன்றவை இவற்றுக்கு மேல் கொஞ்சம் கைகொடுக்கலாம். இந்த வரிசையை மாற்றி, முதலில் வெந்தயத்தைத் தேடுவதால்தான் பலருக்கு நாட்கள் வீணாகின்றன.

முதல் படி: உண்மையிலேயே பால் குறைவா என்று பாருங்கள்

பால் போதவில்லை என்று நினைக்கும் தாய்மார்களில் பெரும்பாலோருக்குப் பால் போதுமான அளவு இருக்கும். மாலையில் குழந்தை விடாமல் அழுவது, அரை மணிக்கு ஒருமுறை பால் கேட்பது, ஆறு முதல் எட்டு வாரத்தில் மார்பு தளர்ந்து மெத்தென்று ஆவது, பம்ப் வைத்தால் சில மில்லி மட்டுமே வருவது, இவை எதுவும் பால் குறைந்ததற்கு அடையாளம் இல்லை. பம்ப் இழுப்பதும் குழந்தை இழுப்பதும் ஒன்றல்ல. ஒழுங்காகப் பால் குடிக்கும் குழந்தை பம்பைவிடத் திறமையாக இழுக்கும்.

டயப்பரையும் எடையையும் நம்புங்கள். முதல் நாள் ஒரு முறை சிறுநீர், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று கூடி, ஐந்தாறு நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறை நன்றாக நனைய வேண்டும். கருப்பாக, பிசுபிசுப்பாகப் போன மலம் நான்கைந்து நாளில் மஞ்சளாக மாறி, நாளுக்கு மூன்று நான்கு முறை வர வேண்டும். பிறந்த எடையில் 7 சதவீதம் வரை முதல் நாட்களில் குறைவது இயல்பு. 10 சதவீதத்தைத் தொட்டால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். பத்து முதல் 14 நாளுக்குள் பிறந்த எடை திரும்பி, அதன்பின் முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் கூடினால் பால் போதும் என்று பொருள்.

எடையை ஒரே எடைக்கருவியில், டயப்பர் கழற்றிப் பாருங்கள். வேறு வேறு கருவிகளில் பார்த்தால் 100 கிராம் வித்தியாசம் வந்து, இல்லாத கவலையைக் கொண்டுவரும்.

இரண்டாம் படி: மார்பு காலியாகட்டும்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் பால். அதன்பின் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, இரவும் சேர்த்து. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில் கூடுதலாக இருக்கும் என்பதால், தாய் தூங்கட்டும் என்று இரவுப் பாலைத் தொடக்க வாரங்களிலேயே நிறுத்துவது சுரப்பைக் குறைத்துவிடும். நிறைந்து கிடக்கும் மார்பு தன் சுரப்பைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும். ஆகவே 'பால் சேரட்டும், பிறகு கொடுக்கலாம்' என்று காத்திருப்பது எதிர்ப்பலனைத் தரும்.

எத்தனை முறை என்பதோடு எப்படிப் பிடிக்கிறது என்பதும் முக்கியம். குழந்தையின் வாய் அகலத் திறந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் உள்ளே போயிருக்க வேண்டும். கீழுதடு வெளியே மடிந்து, தாடை மார்பில் பதிந்திருக்கும். முதலில் வேகவேகமாகச் சப்பும். பால் இறங்கியதும் அந்த வேகம் குறைந்து, ஆழமாக ஒரு இழுப்பு, சிறு நிறுத்தம், 'க்க்' என்று விழுங்கும் ஓசை என்று மாறும். இந்த மாற்றம் வராமல் பத்து நிமிடம் சப்பிவிட்டுத் தூங்கினால் வயிற்றுக்குள் பெரிதாக எதுவும் போயிருக்காது. காம்பு வலித்தாலோ, வாயை எடுத்ததும் நசுங்கிய வடிவத்தில் தெரிந்தாலோ பிடிப்பு சரியில்லை; தாய்ப்பால் ஆலோசகரையோ அனுபவமுள்ள செவிலியரையோ அழைத்துக் காட்டுங்கள். பிடிப்பு சரியில்லாதபோது எந்தக் கீரையும் உதவாது.

மூன்றாம் படி: அன்றாடச் சாப்பாடு

முதல் ஆறு மாதத்தில் தாய் சராசரியாக நாளுக்கு 750 முதல் 800 மில்லி பால் தருகிறாள். அதற்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய 500 கிலோ கலோரி கூடுதலாக வேண்டும். கேட்க மலைப்பாக இருந்தாலும், ஒரு டம்ளர் பால், ஒரு பெரிய வாழைப்பழம், 30 கிராம் பாதாம் அல்லது வேர்க்கடலை, ஒரு முட்டை ஆகியவற்றைச் சேர்த்தாலே அந்தக் கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிடும். 'இருவருக்குச் சாப்பிட வேண்டும்' என்று நெய்யும் இனிப்பும் தட்டு நிறைய வைப்பதால் தாயின் எடை ஏறும், பால் ஏறாது.

புரதம் நாளுக்கு 20 முதல் 25 கிராம் கூடுதலாகத் தேவை. ஒரு கப் வேகவைத்த பருப்பில் சுமார் 18 கிராம், முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 7 கிராம். மூன்று வேளைச் சாப்பாட்டிலும் பருப்பு, பயறு, முட்டை, மீன், இறைச்சி, தயிர் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடையைக் குறைக்கும் அவசரம் முதல் இரண்டு மாதம் வேண்டாம். அதன்பிறகு வாரம் அரை கிலோ வரை மெதுவாகக் குறைவதால் பாலுக்குப் பாதிப்பில்லை. நாளுக்கு 1500 கிலோ கலோரிக்குக் கீழே சாப்பாட்டைச் சுருக்கினால் தாயும் தளர்ந்துபோவாள், சிலருக்குப் பாலும் குறையும்.

தட்டு நிறைய வைப்பதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. குழந்தைக்கு வாயு வரும் என்று பருப்பு, பயறு, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் தாயின் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். தாயின் குடலில் உண்டாகும் வாயு பாலுக்குள் வருவதில்லை. பிள்ளை பெற்று, ரத்தம் இழந்து, இரவெல்லாம் விழித்திருக்கும் ஒருவரைப் பாதிப் பட்டினி போடுவதற்கு இது ஒரு காரணமாகிவிடக் கூடாது. குழந்தையின் மலத்தில் ரத்தம் தெரிவது, உடலெங்கும் தடிப்பு, விடாத வாந்தி போன்றவை இருந்தால் மருத்துவரைக் கேட்டு ஒரு குறிப்பிட்ட உணவை, பெரும்பாலும் பசும்பாலை, இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்க்கலாம். காரணமில்லாமல் எதையும் தடை செய்யாதீர்கள்.

நான்காம் படி: பாலுக்குள் போகும் சத்துகள்

இதைப் பலரும் கவனிப்பதில்லை. சுண்ணாம்புச்சத்தும் இரும்பும் தாய் குறைவாகச் சாப்பிட்டாலும் பாலில் அவ்வளவாகக் குறையாது. உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். பால் கொடுக்கும் மாதங்களில் தாயின் எலும்பு அடர்த்தி 3 முதல் 5 சதவீதம் வரை இறங்குவதும், பால் மறந்தபின் திரும்புவதும் இதனால்தான். வைட்டமின் ஏ, பி1, பி12, அயோடின், கோலின், டிஎச்ஏ கொழுப்பு ஆகியவற்றின் கதை வேறு. தாய் சாப்பிடாவிட்டால் இவை பாலிலும் குறைந்துவிடும்.

முட்டை, பால், மீன், இறைச்சி எதுவுமே சேர்க்காத தாய் பி12 மாத்திரையைத் தவறவிடக் கூடாது. பி12 இல்லாத பாலைக் குடிக்கும் குழந்தைக்கு ரத்தசோகையோடு நரம்பு வளர்ச்சியும் பாதிக்கப்படும். வெளியே தெரியச் சில மாதங்கள் ஆகும். அயோடின் நாளுக்கு 250 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அயோடின் சேர்த்த உப்பைச் சமையலில் பயன்படுத்துவது இதற்கு எளிய வழி. மீன் வாரம் இரண்டு மூன்று முறை போதும். மத்தி போன்ற சிறிய மீன்கள் டிஎச்ஏவுக்குச் சிறந்தவை. சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் அதிகம். சுறா பால் ஊற வைக்கும் என்று பலர் சொல்வார்கள். அதற்கு ஈடாகப் பாதரசத்தை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை, மத்தியே போதும்.

வைட்டமின் டி தாய்ப்பாலில் இயல்பாகவே மிகக் குறைவு. குழந்தைக்கு நாளுக்கு 400 ஐயூ சொட்டுமருந்து கொடுப்பது பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். ஆனாலும் குடம் குடமாகக் குடித்தால் பால் கூடாது. தாகத்துக்குக் குடியுங்கள், தாகம் எடுத்தும் தண்ணீரைத் தடுப்பது தவறு. சாப்பாட்டில் உள்ள நீரையும் சேர்த்து நாளுக்கு 2.7 லிட்டர் என்பது ஒரு நல்ல அளவு. பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டம்ளர் இருந்தால் கணக்குப் பார்க்க வேண்டியதே இல்லை. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் மட்டும் அளவைக் கூட்டுங்கள்.

ஐந்தாம் படி: பால் ஊற வைக்கும் என்று சொல்லப்படும் உணவுகள்

இவற்றையும் பால் கூட்டும் மருந்துகளையும் பற்றி நடந்த 41 ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. இயற்கைப் பொருட்களால் பால் கொஞ்சம் கூடலாம், ஆனால் ஆதாரம் மிகவும் பலவீனமானது என்பதே அதன் சாரம். ஆகவே சமையலில் சேரும் அளவுக்குத் தயங்காமல் சேர்க்கலாம். பொடியும் காப்ஸ்யூலுமாகப் போகும்போது யோசிக்க வேண்டும்.

வெந்தயம்தான் இவற்றில் அதிகம் பேசப்படுவது. அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் இதுவே. வழக்கமாகச் சொல்லப்படும் அளவு நாளுக்கு 1 முதல் 6 கிராம். ஒரு டீஸ்பூன் விதை ஏறக்குறைய 4 கிராம். அரை டீஸ்பூனில் தொடங்குங்கள். இரவில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் விதை இரு மடங்காக உப்பி, தண்ணீர் வழவழவென்று கெட்டிப்பட்டிருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே பத்து நிமிடம் வேகவைத்து, கஞ்சியிலோ பருப்பிலோ கலந்துவிடுங்கள், கசப்பு அடங்கும். மூன்று நாள் வயிறு ஒத்துக்கொண்டால் ஒரு டீஸ்பூனாக்கலாம். எடுத்த எடுப்பில் இரண்டு மேசைக்கரண்டி தின்றவர்களுக்கு வயிற்றுப்போக்கும் உப்புசமும் வரும், குழந்தைக்கும் மலம் இளகலாம்.

வெந்தயம் சாப்பிடும் தாயின் வியர்வையிலும் சிறுநீரிலும் காய்ச்சிய வெல்லப்பாகு போன்ற வாசனை வரும், குழந்தையிடமும் வரலாம். அதே வாசனையை உண்டாக்கும் ஒரு பிறவிக் குறைபாடு இருப்பதால், குழந்தை மருத்துவரைப் பார்க்கும்போது வெந்தயம் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெந்தயம் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்பதால் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும், தைராய்டு கோளாறு அல்லது ஆஸ்துமா உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். மறுபடி கருவுற்றிருந்தால் மருந்தளவு வெந்தயம் கூடாது.

பூண்டு பாலின் அளவைக் கூட்டும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் 1991இல் வெளியான ஓர் ஆய்வில் சுவாரசியமான ஒன்று தெரிந்தது. தாய் பூண்டு உட்கொண்ட ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாலில் அதன் மணம் உச்சத்தைத் தொட்டது. அப்போது குழந்தைகள் கூடுதல் நேரம் மார்பில் இருந்து, கூடுதலாகச் சப்பின. நாளுக்கு ஐந்தாறு பல் போதும். பச்சையாகத் தின்றால் வயிறு எரியும். பாலில் வேகவைத்தோ, சுட்டோ, குழம்பில் முழுப் பல்லாகப் போட்டோ சாப்பிடுங்கள்.

முருங்கைக்கீரையின் பலனை உலர்ந்த இலைப்பொடியைக் கொண்டு பிலிப்பைன்ஸில் ஆராய்ந்திருக்கிறார்கள். நம்பிக்கை தரும் முடிவுகள் வந்தாலும் அவை சிறிய ஆய்வுகள். அதை விட்டாலும், பிரசவத்தில் ரத்தம் இழந்தவருக்குக் கீரை எப்படியும் வேண்டியதுதான். ரத்தசோகையே பால் குறைவதற்கு ஒரு காரணமாகலாம். சமைத்த கீரை நாளுக்கு ஒரு கிண்ணம் எடுக்கலாம். இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் சேராது, ஒரு மணி நேரம் விடுங்கள். இலையை மட்டும் பயன்படுத்துங்கள். முருங்கை வேரும் வேர்ப்பட்டையும் நச்சுத்தன்மை உள்ளவை. மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரைக்குக் கீரை மாற்று ஆகாது.

எள் ஒரு மேசைக்கரண்டியில், தோல் நீக்காமல் இருந்தால், 85 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. முழு எள் மெல்லப்படாமல் அப்படியே வெளியேறிவிடும், வறுத்துப் பொடியுங்கள். ஓட்ஸும் பார்லியும் பாலைக் கூட்டுவதாகச் சான்று இல்லை. இருந்தாலும் நடு இரவில் பசிக்கும்போது பத்து நிமிடத்தில் ஆகும், வயிறு நிறைக்கும், மலச்சிக்கலுக்கும் நல்லது என்பதால் வீட்டில் வைத்திருக்கலாம்.

சோம்பு நீர் நாளுக்கு ஒன்றிரண்டு கோப்பையோடு நிற்கட்டும். சோம்பு, அதிமதுரம் போன்றவை கலந்த மூலிகைத் தேநீரை நாளுக்கு 2 லிட்டருக்கு மேல் குடித்த தாய்மாரின் பச்சிளங்குழந்தைகள் துவண்டு, பால் குடிக்காமல் போனது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. தேநீரை நிறுத்தியதும் குழந்தைகள் தேறினார்கள். தண்ணீர்விட்டான் கிழங்கு பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. பொடியாக வாங்கினால் கலப்படமும் கன உலோகங்களும் இல்லை என்று பரிசோதித்துச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் புதிதாகச் சேர்த்து ஒரு வாரம் பாருங்கள். நனைந்த டயப்பர் எத்தனை, வாரக் கடைசியில் எடை எவ்வளவு என்று எழுதி வையுங்கள். நான்கைந்தை ஒன்றாகத் தொடங்கினால் எது உதவியது, எது குழந்தைக்குத் தடிப்பைக் கொண்டுவந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு வாரத்தில் மாற்றம் எதுவும் இல்லையென்றால் அளவைக் கூட்டாமல் நிறுத்திவிட்டு இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

ஆறாம் படி: பாலைக் குறைப்பவை

மூக்கடைப்புக்கான மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை இரண்டும் பாலைக் குறைக்கும். மருத்துவரிடம் பால் கொடுப்பதைச் சொல்லி வேறு கேளுங்கள். புகைபிடித்தலும் குறைக்கும். மது பால் இறங்க வைக்கும் ஆக்ஸிடோசினைத் தடுக்கிறது. மது குடித்தால் பால் ஊறும் என்பது தவறான பேச்சு. புதினா, சேஜ் இலைகள் அதிக அளவில் பாலைக் குறைக்கலாம், சமையலில் போடும் அளவு ஒன்றும் செய்யாது. காபி நாளுக்கு இரண்டு கோப்பையோடு நிற்கட்டும். பெரியவர் உடலில் சில மணி நேரத்தில் பாதியாகும் காஃபின் பச்சிளங்குழந்தையின் உடலில் நாட்கணக்கில் தங்கித் தூக்கத்தைக் கெடுக்கும். தேன் தாய் சாப்பிடலாம். ஒரு வயது முடியாத குழந்தையின் நாக்கில் ஒரு துளியும் வைக்கக் கூடாது.

எப்போது மருத்துவரிடம் போவது

ஐந்தாம் நாளிலும் மார்பில் எந்த மாற்றமும் இல்லை என்றால் சாப்பாட்டை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். கருப்பையில் நஞ்சுக்கொடித் துண்டு தங்கியிருக்கலாம்; தைராய்டு குறைவாக இருக்கலாம்; பிரசவத்தில் ஏற்பட்ட கடும் ரத்தப்போக்கு மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைப் பாதித்திருக்கலாம். முன்பு மார்பில் அறுவை சிகிச்சை நடந்தவர்களுக்கும், பால் சுரப்பித் திசு இயல்பிலேயே குறைவாக உள்ள சிலருக்கும் முழு அளவு பால் வராமல் போகலாம். அது தாயின் குற்றமில்லை. குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருந்தாலும் பாலை இழுக்கச் சிரமப்படலாம். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்துச் சொல்வார்.

குழந்தை பால் குடிக்க எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தால், நான்காம் நாளுக்குப் பிறகும் சிறுநீரில் செங்கல் நிறக் கறை தெரிந்தால், உடல் மஞ்சள் பூத்தால், காய்ச்சல் இருந்தால் அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போங்கள்.

பவுடர் பால் (குழந்தைகளுக்கான ஃபார்முலா) கொஞ்ச நாள் தேவை என்று மருத்துவர் சொன்னால் தயங்காமல் கொடுங்கள். அதோடு ஒவ்வொரு முறையும் முதலில் மார்பில் போட்டுக் குடிக்கவிட்டு, பிறகு பவுடர் பாலைக் கொடுத்து, அது முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் கையாலோ பம்பாலோ பிழிந்து எடுங்கள். பிழிந்த பாலை அடுத்த வேளைக்கு முதலில் கொடுத்துவிடலாம். 25 டிகிரி செல்சியஸுக்கு மிகாத அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வரை கெடாது. பிழிந்த பால் கூடி, எடையும் ஏறுவது தெரிந்தபின் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு பவுடர் பாலைப் படிப்படியாகக் குறையுங்கள்.